சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் வாங்கலாமா? முடிவெடுக்கும் முன் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியவை

மூன்று சக்கர ஸ்கூட்டர் என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் சைடு வீல் பொருத்திய சாதாரண ஸ்கூட்டரைத்தான். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் வண்டியோடு வந்த சக்கரம், அதன் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒவ்வொன்று. எண்ணிப் பார்த்தால் நான்கு வரும். பெயர் என்னவோ மூன்று சக்கர வண்டி என்றே நிலைத்துவிட்டது. அரசு ஆவணங்களில் ‘இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்’ என்று எழுதுவார்கள்.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. வலது காலில் காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்), கையில் ஊன்றுகட்டை. பள்ளிக்கும் கல்லூரிக்கும் கையால் சுற்றும் மூன்று சக்கர சைக்கிளில் போனேன். பதினான்கு வருடமாக சைடு வீல் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், இப்போது இருப்பது இரண்டாவது வண்டி. முதல் வண்டியை வாங்கும்போது எந்த கம்பெனி, என்ன மைலேஜ், என்ன கலர் என்று மட்டும்தான் விசாரித்தேன். விசாரித்திருக்க வேண்டியவை வேறு. அவற்றை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்காகவோ, வீட்டில் இருக்கும் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அப்பாவுக்கோ வாங்குவதாக இருந்தால் பணம் கட்டும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. வாசலில் தொடங்குங்கள், ஷோரூமில் அல்ல

நாம் வண்டியில் போவது சாலையில் மட்டும்தான். படுக்கையிலிருந்து வண்டி வரைக்கும், இறங்கிய இடத்திலிருந்து வேலை செய்யும் நாற்காலி வரைக்கும் நம் உடம்பால்தான் போக வேண்டும். இந்த இரண்டு முனையும் சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல வண்டியும் வீட்டு முன்னால் தூசி படிந்து நிற்கும். அப்படி நிற்கும் வண்டிகள் எங்கள் பகுதியிலேயே மூன்று உண்டு.

ஒரு டேப் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஸ்கூட்டரின் அகலம் அதன் கைப்பிடி அகலம்தான். சைடு வீல் பொருத்திவிட்டால் பின்பக்கம் அதைவிட அகலமாகிவிடும். எவ்வளவு என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். அதனால் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, ஏற்கெனவே பொருத்திய ஒரு வண்டியை வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அளந்து, அதோடு இரண்டு பக்கமும் அரை அடி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அகலம் உங்கள் கேட்டில் நுழையுமா? சந்தில் பக்கத்து வீட்டுக்காரர் பைக் நிறுத்தியிருக்கும்போதும் நுழையுமா? முதல் வண்டி வந்த அன்று எங்கள் வீட்டு கேட்டில் அது நுழையவில்லை. நான்கு மாதம் தெருவிலேயே நின்றது. மழையில் நனைந்து இருக்கை கிழிந்த பிறகுதான் கேட்டை இடித்துக் கட்டினோம்.

அடுத்தது திருப்புகிற இடம். இந்த வண்டிக்கு ரிவர்ஸ் கிடையாது. இரண்டு கால்களும் நன்றாக இருப்பவர் தரையில் காலை உந்திப் பின்னால் தள்ளிக்கொள்வார், நம்மால் அது முடியாது. முட்டுச் சந்தில் வீடு இருந்தால் ஒவ்வொரு நாளும் யாரையாவது கூப்பிட்டுத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும். சில பட்டறைகளில் பேட்டரியில் ஓடும் சின்ன ரிவர்ஸ் மோட்டார் வைத்துத் தருகிறார்கள். வீட்டில் திருப்ப இடம் இல்லாதவர்கள் அதற்கான செலவை யோசிக்காமல் செய்யலாம்.

பிறகு போகும் இடம். ஆபீஸ் வாசலில் படி எத்தனை? வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து படி வரை எவ்வளவு தூரம்? சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றால் அங்கே இன்னொரு நாற்காலி இருக்குமா, இல்லை வண்டியிலேயே எடுத்துப் போக வேண்டுமா? சாய்தளத்துக்கான பொதுவான கணக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டு படி ஏறும் இடத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து ‘ரேம்ப் இருக்கிறது’ என்று சொல்வார்கள். நேரில் போய்ப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

2. உங்கள் உடம்பைக் கேளுங்கள்

இந்த வண்டிக்குக் கால் தேவையில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில், ஸ்டார்ட் செய்வதும் கையில். இரண்டு கைகளும் தோளும் திடமாக இருப்பவருக்கு இதைவிட விடுதலை தருகிற வண்டி இல்லை என்றே சொல்வேன். ஆனால் இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி, ஏறி உட்கார முடியுமா? ஸ்கூட்டர் இருக்கை தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரம். சக்கர நாற்காலி இருக்கை ஒன்றரை அடிதான். அந்த ஒரு அடி வித்தியாசத்தைத் தினமும் நான்கு ஐந்து முறை கைபலத்தால் ஏற வேண்டும். காலிப்பர் போட்டு நிற்கக்கூடியவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு இதுவேதான் பெரிய விஷயம். நடுவில் உட்கார்ந்து ஏற ஒரு திண்ணையோ சின்ன மேடையோ வாசலில் கட்டிக்கொண்டவர்கள் சுலபமாகச் சமாளிக்கிறார்கள்.

இரண்டாவது, இடுப்புக்கு மேல் உடம்பு தானாக நிமிர்ந்து நிற்குமா? சாதாரண ஸ்கூட்டர் வளைவில் சாயும், நாமும் அதோடு சாய்வோம். சைடு வீல் வண்டி சாயாது. வண்டி நிமிர்ந்தே திரும்பும்போது உடம்பை வெளிப்பக்கமாக இழுத்துத் தள்ளும். வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் வேலை செய்யாதவர்கள் அந்த இழுப்பில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குவார்கள். கைப்பிடியில் தொங்கினால் வண்டி தடம் மாறும். இப்படி இருப்பவர்களுக்கு முதுகுச் சாய்மானமும் இடுப்புப் பட்டையும் கட்டாயம். அவை இருந்தும் உடம்பு நிலைக்கவில்லை என்றால் இந்த வண்டி வேண்டாம்.

மூன்றாவது, காலில் உணர்ச்சி இருக்கிறதா? போலியோ வந்தவர்களுக்குக் காலில் பலம் இருக்காது, ஆனால் தொடு உணர்ச்சி இருக்கும். முதுகுத்தண்டு பாதித்தவர்கள் பலருக்கு உணர்ச்சியே இருக்காது. ஃபுட்போர்டிலிருந்து கால் நழுவி ரோட்டில் உரசிக்கொண்டு வந்தாலும் தெரியாது. ஏறி இறங்கும்போது சைலன்சரில் பட்டுக் கொப்புளம் கிளம்பினாலும் இரவில் துணி மாற்றும்போதுதான் கண்ணில் படும். பாதம் நழுவாமல் இருக்க ஃபுட்போர்டில் ஒரு விளிம்புத் தடுப்பும் பாதத்துக்குப் பட்டையும், சைலன்சருக்கு மேல் ஒரு மூடியும் வையுங்கள், ஷூ இல்லாமல் ஏறாதீர்கள். உட்காரும் இடத்தில் புண் வரும் அபாயமும் உண்டு. ஸ்கூட்டர் இருக்கை மேல் உங்கள் மெத்தையைப் போட்டு, முதல் மாதம் அரை மணிக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல், தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள்.

வயதான அப்பா அம்மாவுக்கு ‘விழாமல் இருக்கட்டும்’ என்று சைடு வீல் போட நினைப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பல வருடம் இரு சக்கர வண்டி ஓட்டிப் பழகியவருக்கு இது ஆரம்பத்தில் கடினம். சாய்த்துத் திருப்பிய பழக்கம் கையில் ஊறியிருக்கும். இதில் கைப்பிடியைச் சைக்கிள் ரிக்‌ஷா மாதிரி நேரடியாகத் திருப்ப வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவர் இரண்டே நாளில் பழகிவிடுவார், முப்பது வருடம் ஓட்டியவர் தடுமாறுவார். கண் பார்வையோ நிதானமோ குறைந்தவருக்கு எத்தனை சக்கரம் வைத்தாலும் பயன் இல்லை.

3. வேறு வழிகளோடு ஒப்பிடுங்கள்

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் படியில் ஏற முடிய வேண்டுமே! சென்னையில் 2024-லிருந்து தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. உங்கள் வழித்தடத்தில் அது வந்தால், வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடைபாதையும் சரியாக இருந்தால், ஸ்கூட்டர் இல்லாமலேயே சமாளிக்கலாம்.

சக்கர நாற்காலியிலேயே முழு நாளும் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வு மையத்தில் உருவாகி, 2021-இல் நியோமோஷன் நிறுவனம் வெளியிட்ட ‘நியோபோல்ட்’ என்ற கருவி. சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால் அது மோட்டார் வண்டியாகிவிடும். அதிகபட்சம் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால் வேகமும் தூரமும் குறைவு. ஆனால் ஏறி இறங்குகிற வேலையே இல்லை, போன இடத்தில் கழற்றி வைத்துவிட்டு அதே நாற்காலியில் உள்ளே போகலாம். நான் முன்னே சொன்ன இரண்டு முனைச் சிக்கலையும் அது தீர்க்கிறது. தினமும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் வேலை இருப்பவர், ஒரு அடி ஏறுவதற்கே சிரமப்படுபவர் என்றால் ஸ்கூட்டரைவிட இதைத்தான் முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

ஐரோப்பாவில் முன்னால் இரண்டு சக்கரம் வைத்துச் சாய்ந்து திரும்பும் ஸ்கூட்டர்கள் இருக்கின்றன. பியாஜியோ நிறுவனம் 2006-இல் கொண்டுவந்த எம்.பி.3 அந்த வகை. வீடியோ பார்த்துவிட்டு ‘அது மாதிரி கிடைக்குமா’ என்று பலர் கேட்கிறார்கள். நிற்கும்போது முன்பக்கத்தைப் பூட்டி நிறுத்தும் வசதி அதில் இருந்தாலும், அடிப்படையில் கால் ஊன்றக்கூடியவர்களுக்காகச் செய்த வண்டி அது.

4. வண்டியைத் தேர்ந்தெடுப்பது

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். ஆக்டிவா, ஜூபிடர், ஆக்சஸ் எதுவானாலும் சைடு வீல் பொருத்த ஆள் கிடைக்கும், உதிரிபாகமும் கிடைக்கும். பார்க்க வேண்டியது சில விஷயங்கள்தான்.

பெட்ரோல் எங்கே ஊற்றுவது? பழைய மாடல்களில் இறங்கி, இருக்கையைத் தூக்கினால்தான் பெட்ரோல் போட முடியும். பங்க்கில் வரிசை நிற்கும்போது கட்டையை எடுத்து, இறங்கி, மறுபடி ஏறுவது எவ்வளவு பெரிய வேலை என்று நமக்குத்தான் தெரியும். இப்போது வெளியிலேயே மூடி உள்ள மாடல்கள் நிறைய வந்துவிட்டன. ஜூபிடர் 125-இல் டேங்க் ஃபுட்போர்டுக்கு அடியில், ஊற்றும் வாய் முன்பக்கம். உட்கார்ந்த இடத்திலிருந்தே போட்டுக்கொள்ளலாம்.

110 சி.சி.யா, 125-ஆ? சமவெளியில் தனியாக ஓட்டுபவருக்கு 110 போதும். சைடு வீல் சட்டத்தின் எடையையும் அதே இன்ஜின்தான் இழுக்க வேண்டும் என்பதால் பின்னால் ஆள் ஏற்றுபவர்களும் மலைப்பகுதிக்காரர்களும் 125 எடுப்பது நல்லது. மைலேஜ் எப்படியும் குறையும்.

பேட்டரி வண்டியில் சத்தம் இல்லை, செலவு குறைவு. ஆனால் கூடுதல் எடையும் கூடுதல் சக்கரங்களின் உராய்வும் ஒரு சார்ஜில் போகும் தூரத்தைக் குறைக்கும். விளம்பரத்தில் சொல்லும் தூரத்தை நம்பிக் கிளம்பி நடுவழியில் நின்றால், தள்ளிக்கொண்டு போக நமக்குக் கால் இல்லை. சைடு வீலோடு ஓடும் அதே மாடலை வைத்திருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

பெட்ரோல் வண்டி எடுப்பவர்கள் பேட்டரியைக் கண்ணாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் மற்றவர்கள் கிக்கரை உதைப்பார்கள். நாம் ரோட்டில் போகிறவரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

5. சைடு வீல்: பாதி வெற்றி பொருத்துவதில்தான்

ஒரே வண்டி, இரண்டு பட்டறை, இரண்டு விதமாக ஓடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்ஜின் ஓட்டுவது நடுவில் இருக்கும் பின்சக்கரத்தை மட்டும்தான். பக்கத்துச் சக்கரங்கள் வெறுமனே உருள்கின்றன. பக்கச் சக்கரங்களைக் கொஞ்சம் தாழ்வாகப் பொருத்திவிட்டால் எடை முழுக்க அவற்றின் மேல் போய்விடும், நடுச் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. மழை நாளில் மண் ரோட்டில் ஆக்சிலேட்டரைத் திருகத் திருகச் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. உயரமாகப் பொருத்திவிட்டாலோ வண்டி இடமும் வலமும் தொட்டில் மாதிரி ஆடும்.

சட்டத்துக்கு ஸ்பிரிங் அல்லது ஷாக் அப்சார்பர் உண்டா என்பது அடுத்தது. ஒரே இரும்புக் கம்பியில் இரண்டு சக்கரத்தையும் இறுக்கி வைத்த மலிவான வகையில், பக்கச் சக்கரங்கள் மேட்டிலும் நடுச் சக்கரம் பள்ளத்திலும் நின்றால் நடுச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும். எனக்கு ரயில்வே கேட் அருகே இது நடந்தது. பின்னால் லாரி. இரண்டு பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். அடுத்த வாரமே சட்டத்தை மாற்றினேன். தனித்தனி ஸ்பிரிங் வைத்த வகைக்கு விலை கூடும், அந்தப் பணத்தை மட்டும் மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

பிரேக்கும் இதோடு சேர்ந்ததுதான். பெரும்பாலான வண்டிகளில் பக்கச் சக்கரங்களுக்கு பிரேக் இல்லை. எடையின் ஒரு பகுதி அவற்றின் மேல் இருப்பதால் நடுச் சக்கரத்தின் பிரேக் பழைய அளவுக்குப் பிடிக்காது. நிற்க அதிக தூரம் வேண்டும். 2019 முதல் 125 சி.சி. வரையிலான வண்டிகளில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் கட்டாயமாகிவிட்டது நமக்கு நல்லது. ஆனாலும் இரண்டு லீவரையும் சேர்த்துப் பிடிக்கவே பழகுங்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியது இவ்வளவு: நட்டு போல்ட்டில் பொருத்துகிறீர்களா, சேசிஸில் வெல்டிங் வைக்கிறீர்களா? (வெல்டிங் என்றால் வேறு இடம் பாருங்கள்.) அங்கீகாரச் சான்றிதழ் உள்ள சைடு வீலா? ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டக்கூடிய பில் தருவீர்களா? வண்டியின் வாரண்டி என்ன ஆகும்? பக்கச் சக்கர டயர், வண்டியின் பின் டயர் அளவேதானா? ஒரே அளவாக இருந்தால் ஒரு ஸ்டெப்னி போதும். நிறுத்தும்போது பிரேக்கைப் பூட்டி வைக்க லாக் உண்டா? இந்த வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவதில்லை, சரிவில் விட்டால் தானாக உருளும். கட்டை வைக்க, நாற்காலி மாட்ட இடம் எங்கே?

பணத்தை முழுக்கக் கொடுக்கும் முன் ஓட்டிப் பாருங்கள். சமமான ரோட்டில் அல்ல, ஒரு வேகத்தடை, ஒரு பள்ளம், ஒரு மண் பாதை மூன்றிலும்.

6. காகித வேலை

பழைய மோட்டார் வாகனச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டி என்றால் அதற்கெனவே தயாரித்ததாக இருக்க வேண்டும், சாதாரண வண்டியை மாற்றியமைத்தது கணக்கில் வராது என்று இருந்தது. 2019 திருத்தம் ‘மாற்றியமைக்கப்பட்ட வாகனம்’ என்று புதிய வரையறை கொடுத்து, பிறகு பொருத்தியதையும் சேர்த்துக்கொண்டது. ஒரு நிபந்தனை மட்டும் அப்படியே இருக்கிறது: அந்த வண்டி மாற்றுத்திறனாளியால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்பட வேண்டும். தம்பி தினமும் கல்லூரிக்கு எடுத்துப் போகலாம் என்ற கணக்கில் வாங்காதீர்கள்.

வரிசை இதுதான். முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் யு.டி.ஐ.டி. என்னும் தனித்துவ அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். புது வண்டி என்றால் பதிவு செய்யும் முன்பே சைடு வீல் பொருத்தி, ஆர்.சி.யில் சரியான வகையிலும் உங்கள் பெயரிலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். சாலை வரி விலக்கு அப்போதுதான் சிக்கலில்லாமல் கிடைக்கும். ஏற்கெனவே ஓடும் வண்டியில் பொருத்தினால், மாற்றம் செய்த 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

ஓட்டுநர் உரிமத்துக்கு மருத்துவச் சான்று வாங்கி எல்.எல்.ஆர். எடுங்கள். முப்பது நாள் கழித்து உங்கள் வண்டியிலேயே தேர்வு. உரிமமும் இந்த வகை வாகனத்துக்கானதாக இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறுகிறார்கள். சைடு வீல் பொருத்தியதை நிறுவனத்திடம் சொல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டுவார்கள். மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்து, ஆர்.சி.யிலும் ஏறிய வண்டிக்கு சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் சலுகை என்று மோட்டார் இன்சூரன்ஸ் விதிகளில் இருக்கிறது. ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்குங்கள்.

7. பணத்தைக் கட்டும் முன் அரசுத் திட்டத்தைப் பாருங்கள்

இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நல்ல நிலையில் இருந்து, படிப்பவராகவோ வேலைக்கோ சுயதொழிலுக்கோ போகிறவராகவோ இருந்தால் தமிழ்நாடு அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை இலவசமாகத் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காத்திருக்க வேண்டியிருக்கும். வேலை கிடைத்து உடனே சேர வேண்டியவர் காத்திருப்பதால் இழக்கும் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவசரம் இல்லாதவர் முதலில் விண்ணப்பித்துவிட்டுப் பிறகு யோசிக்கலாம். ஒரு காலில் மட்டும் பாதிப்பு உள்ளவர்கள் பெரும்பாலும் சொந்தமாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இரு சக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18-ஆகக் குறைந்திருக்கிறது என்பது கொஞ்சம் ஆறுதல்.

செலவுக் கணக்கில் வண்டி விலையோடு சைடு வீல், ரிவர்ஸ் மோட்டார், சாய்மானம், வாசலில் செய்ய வேண்டிய மாற்றம் எல்லாவற்றையும் எழுதுங்கள். வருடச் செலவில் டயரை மறக்காதீர்கள். இரு சக்கர வண்டிக்காரர் ரோட்டில் ஒரே கோடாக வளைந்து நெளிந்து பள்ளத்தைத் தவிர்ப்பார். நமக்குப் பின்னால் மூன்று தடம். ஒன்றைத் தவிர்த்தால் இன்னொன்று விழும். பஞ்சரும் அதற்கேற்ப வரும்.

8. வாங்கிய பிறகு முதல் மாதம்

காலி மைதானத்தில் ஒரு வாரம். முதலில் நிறுத்தப் பழகுங்கள், பிறகு திருப்ப. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும், அதற்கு மேல் போனால் வண்டி கவிழும். திரும்பும் பக்கமாக உடம்பைச் சாய்த்துக் கொடுங்கள். நம் ரோடுகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருப்பதால் வண்டி எப்போதும் இடப்பக்கம் இழுக்கும், வலது கை வலிக்கும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

பின்பக்கம் அகலம் என்பது உடம்பில் பதிய நாளாகும். முன்சக்கரம் இடுக்கில் நுழைந்துவிட்டது என்பதற்காகப் பின்பக்கமும் நுழைந்துவிடாது. மற்றவர் காலில் ஏற்றாமல் இருக்க, சைடு வீல் மட்கார்டில் இரண்டு பக்கமும் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

நான்கு டயரிலும் வாரம் ஒருமுறை காற்று பாருங்கள். நடு டயர் தேயத் தேயப் பக்கச் சக்கரங்கள் மேல் எடை ஏறி, முன்பு சொன்ன வழுக்கல் மெதுவாகத் தொடங்கும். அப்போது பட்டறையில் உயரத்தைச் சரி செய்தால் போதும். போல்ட்டுகளை முதல் 500 கிலோமீட்டரில் ஒருமுறை முறுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஹெல்மெட். சைடு வீல் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். செல்போனை டிக்கியில் வைக்காமல் சட்டைப் பையிலோ கழுத்தில் மாட்டியோ வைத்திருங்கள். வண்டி கவிழ்ந்து நீங்கள் தரையில் கிடக்கும்போது டிக்கி எட்டாது.